அத்தையின் பதினெட்டரை பவுண்டு

அன்புள்ள ஐயா,

எனக்குக் குன்னூர். கோவையில் பயோமெடிக்கல் இன்ஜினியரிங் கடைசி வருடம் படிக்கிறேன். மேற்படிப்புக்கு விண்ணப்பிக்க, ஏன் இந்தத் துறை என்று இரண்டு பக்கம் எழுதித் தர வேண்டும். எழுதியதை இணைத்திருக்கிறேன். அம்மா எஸ்டேட் ஆஸ்பத்திரியில் ஆயா. அதைக் குறிப்பிட்டிருப்பது அனுதாபம் தேடுவதுபோல் இருக்கிறதா? வெளிநாடு போவதா, இங்கேயே மேற்படிப்புக்கு ‘கேட்’ (GATE) நுழைவுத் தேர்வு எழுதுவதா என்றும் சொல்லுங்கள்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

இரண்டு பக்கத்தையும் படித்தேன். எரிச்சல்தான் வந்தது. ‘சிறு வயது முதலே மருத்துவத்தையும் பொறியியலையும் இணைக்கும் கனவு’ என்று ஆரம்பிக்கிறீர்கள். எந்தச் சிறு வயதில்? ஏழாம் வகுப்பிலா? போதாக்குறைக்கு அப்துல் கலாம் வேறு. பாவம், அவரை விட்டுவிடுங்கள்.

வெளிநாடா உள்நாடா என்பதை வீட்டுப் பணமும் உதவித்தொகையும் முடிவு செய்யும். கேட் தேர்வில் 2020 முதல் உங்கள் பாடத்துக்கே தனித் தாள் இருக்கிறது. அவ்வளவுதான் சொல்வேன்.

‘அம்மா ஆட்டோகிளேவ் இயக்குவார்’ என்று ஒரே வரியில் தாண்டிப் போயிருக்கிறீர்கள். எனக்கு அதற்கு மேல் படிக்க ஓடவில்லை. என் அத்தை ஊட்டியில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் நர்ஸ். அங்கே அண்டா மாதிரி ஒரு பழைய ஆட்டோகிளேவ், அதாவது கருவிகளை அழுத்த நீராவியில் வேகவைத்துக் கிருமி நீக்கும் இயந்திரம். 15 பவுண்டு அழுத்தம், 15 நிமிடம் என்று சுவரில் அட்டை தொங்கும். அத்தை அழுத்தம் காட்டும் கேஜின் முள்ளைப் பதினெட்டரைக்கு ஏற்றிவிட்டுத்தான் கடிகாரத்தைப் பார்ப்பார். புதிதாக வந்த டாக்டர் ஒருவர் சத்தம் போட்டார். “இந்த ஊர்ல சோறே சீக்கிரம் வேகாது டாக்டர், கிருமி மட்டும் வெந்துடுமா?” என்றார் அத்தை.

அவர் கணக்கு சரி. கேஜ் முள் காட்டுவது வெளிக்காற்றுக்கு மேல் உள்ளே எவ்வளவு அழுத்தம் என்பதை மட்டும்தான். கடல் மட்டத்தில் அந்த வெளிக்காற்று சதுர அங்குலத்துக்கு 14.7 பவுண்டு. 2240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் சுமார் 11.2தான். அந்த மூன்றரை பவுண்டு குறைவைத்தான் அத்தை முள்ளில் கூட்டினார். உள்ளே மொத்த அழுத்தம் குறைந்தால் நீராவியின் சூடும் குறையும். அதனால் முள் 15-இல் நிற்கும்போது சென்னையில் நீராவி 121 டிகிரி, ஊட்டியில் 117. நான்கு டிகிரிதானே என்று தோன்றும். எளிதில் சாகாத பாக்டீரியா வித்துகளுக்கு 10 டிகிரி குறைந்தால் பத்து மடங்கு நேரம் வேண்டும் என்பது கணக்கு. நான்கு டிகிரிக்கு இரண்டரை மடங்கு. அட்டையில் போட்ட 15 நிமிடம் ஊட்டியில் அரை மணியைத் தாண்டிவிடுகிறது! பொட்டலத்தில் ஒட்டும், சூட்டில் நிறம் மாறும் டேப் கறுத்துவிட்டதே என்று நிம்மதி அடையவும் முடியாது. சூடு பட்டது என்பதற்கு மேல் அது பெரிதாக எதுவும் சொல்லாது. புதிய இயந்திரங்கள் வெப்பநிலையைப் பார்த்தே ஓடுகின்றன, சரி. பழையவையும் எங்கெங்கோ ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

தெர்மோடைனமிக்ஸில் நீராவி அட்டவணையை வைத்துக்கொண்டு மதிப்பெண் வாங்கியிருப்பீர்கள். அம்மா முள்ளை எதில் நிறுத்துகிறார் என்று ஒருநாளாவது கேட்டதுண்டா? நான்கு வருடம் இந்தத் துறையைப் படித்த பெண், அம்மா வேலை செய்யும் அறைக்குள் எட்டிப் பார்க்காமல் ‘உலகளாவிய சுகாதாரச் சவால்கள்’ என்று எழுதினால் கோபம் வராதா? அம்மா பட்ட கஷ்டத்தை எழுதினால்தான் அனுதாபம் தேடுவது. அந்த முள்ளைப் பற்றி எழுதுங்கள், எந்தப் பேராசிரியரும் நிமிர்ந்து உட்காருவார். அம்மாவுக்கும் சந்தோஷமாக இருக்கும், பாருங்கள். மகள் தன் வேலையைப் பற்றி ஒரு கேள்வி கேட்கிறாளே என்று.

ஒன்று. அத்தையின் பதினெட்டரையை அப்படியே எடுத்துப் போடாதீர்கள். குன்னூர் ஊட்டியைவிடத் தாழ்வு, அங்கே அவ்வளவு தேவைப்படாது. எஸ்டேட் இருக்கும் உயரத்துக்கு நீங்களே கணக்குப் போடுங்கள். அந்த ஆட்டோகிளேவில் வெப்பமானி இருக்கிறதா என்றும் பார்த்து எழுதுங்கள்.