மூளைக் கட்டி சிகிச்சைக்குப் பிறகு பெர்ஃபியூஷன் எம்ஆர்ஐ எதற்கு?

கதிர்வீச்சு முடிந்த சில வாரங்களில் எடுத்த எம்ஆர்ஐயில் கட்டி இருந்த இடம் முன்பைவிடப் பெரிதாகத் தெரிகிறது, டாக்டர் இன்னொரு ஸ்கேன் கேட்கிறார். பினாங்கிலோ கோலாலம்பூரிலோ சிகிச்சை பெறும் எந்தக் குடும்பத்துக்கும் இது வயிற்றைக் கலக்கும் நேரம்.

பெர்ஃபியூஷன் என்பது மூளையின் எந்தப் பகுதிக்கு எவ்வளவு ரத்தம் பாய்கிறது என்று காட்டும் எம்ஆர்ஐ. சாதாரணப் படத்தில், ஊசி வழியாகச் செலுத்திய மருந்து ரத்தக்குழாயிலிருந்து கசிந்த இடம் வெள்ளையாகத் தெரியும். கட்டி வளர்ந்தாலும் கசியும். கதிர்வீச்சால் திசு புண்பட்டு வீங்கினாலும் கசியும். இந்தப் பொய் வளர்ச்சி பெரும்பாலும் முதல் 3 மாதங்களில் வரும், பிறகு தானாகவே அடங்கும். வளரும் கட்டியோ தனக்கென்று புது ரத்தக்குழாய்களை உண்டாக்கிக்கொள்ளும், அங்கே ரத்தம் கூடுதல். புண்பட்ட திசுவில் பொதுவாகக் குறைவு.

ஃபிளாட் சுவரில் ஈரக்கறை தெரிந்தால், எல்லாப் பைப்பையும் அடைத்துவிட்டு மீட்டர் சுற்றுகிறதா என்று பார்ப்போம் இல்லையா? கறை சொல்லாததை ஓட்டம் சொல்லும்.

சில சமயம் இதிலும் தெளிவு கிடைக்காது. அப்போது ஸ்பெக்ட்ரோஸ்கோபி (திசுவில் என்னென்ன ரசாயனம் இருக்கிறது என்று பார்க்கும் எம்ஆர்ஐ), பெட் ஸ்கேன் (செல்கள் எவ்வளவு சுறுசுறுப்பாக இயங்குகின்றன என்று காட்டும் ஸ்கேன்), அல்லது சில வாரம் கழித்து மறு எம்ஆர்ஐ. மருத்துவமனை மாறினால் பழைய ஸ்கேன் சிடியைக் கட்டாயம் கொண்டு போங்கள். ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, படத்தோடு படம் வைத்துத்தான் ஒப்பிடுவார்கள்.

அப்புறம், அடிக்கடி எம்ஆர்ஐ எடுத்தால் கதிர்வீச்சு உடம்பில் ஏறும் என்று தேதியைத் தள்ளிப்போடாதீர்கள்; அதில் எக்ஸ்ரே கதிர் கிடையாது, காந்தமும் ரேடியோ அலையும்தான்.