வாசகர் கேள்வி – பதில்: உள்ளுக்குள் ஓடும் பேச்சு

கேள்வி: ஐயா, நான் ஆராதனைக்குத் தவறுவதில்லை, தினமும் வேதம் வாசிக்கிறேன். ஆனாலும் சொத்துப் பிரிவினையின்போது என் அண்ணன் சொன்ன வார்த்தைகள் பல வருடங்களாக மனதில் ஓடிக்கொண்டே இருக்கின்றன. அவரிடம் ஒருநாளும் கடிந்து பேசியதில்லை. 'அவன் இருதயத்தின் நினைவு எப்படியோ, அப்படியே அவனும் இருக்கிறான்' (நீதிமொழிகள் 23:7) என்ற வசனத்தைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது. வெளியே காட்டாத எண்ணமும் என்னைத் தேவனைவிட்டுப் பிரித்துவிடுமா?
– ஒரு வாசகி

பதில்: சகோதரி, அந்த வசனம், விருந்துக்கு அழைத்துவிட்டு விருந்தாளி உண்பதை உள்ளுக்குள் கணக்குப் பார்க்கும் ஒருவனைப் பற்றியது. அவன் வாய் உபசரிக்கிறது. இருதயமோ விருந்தாளியோடு இல்லை. ஆகவே, மனதில் ஒரு கணம் வந்துபோகிற எதுவாயினும் நாம் அதுவாகவே ஆகிவிடுகிறோம் என்று அது சொல்லவில்லை. உங்கள் பயத்துக்கு அது பாதி ஆறுதல், மறுபாதி எச்சரிக்கைதான்.

எச்சரிக்கையைத் தாவீதின் வாழ்க்கையில் பாருங்கள். கேகிலா என்ற ஊரைக் காப்பாற்றப் போகுமுன் கர்த்தரிடத்தில் இருமுறை விசாரித்த அதே தாவீது (1 சாமுவேல் 23), பின்னொரு நாளில், தன்னைக் கொல்லத் துரத்திய சவுல் ராஜாவின் கையால் எப்படியும் மடிவேன் என்று தன் இருதயத்தில் யோசித்து, இஸ்ரவேலின் எதிரிகளான பெலிஸ்தரின் தேசத்துக்குப் போய்விடுகிறார் (27:1). சவுலைக் கொல்லக் கிடைத்த வாய்ப்பை விட்டுவிட்டு, 'இனி உனக்குப் பொல்லாப்புச் செய்யமாட்டேன்' என்று சவுலே சொல்லக் கேட்ட சம்பவம் அதற்கு முந்தைய அதிகாரத்தில்தான் இருக்கிறது. ஆனாலும் பல காலம் துரத்தப்பட்டவரின் மனதில் பயமே பேசிக்கொண்டிருந்திருக்க வேண்டும். இம்முறை அவர் கர்த்தரிடத்தில் விசாரித்ததாக ஒரு வரியும் இல்லை. அங்கே இருந்த ஒரு வருஷமும் நாலு மாதமும் பெலிஸ்த ராஜாவான ஆகீசிடம் பொய்க்குமேல் பொய் சொல்லியே காலம் தள்ளினார். தனக்குத்தானே சொல்லிக்கொண்ட ஒரு வாக்கியம், நேர்மையான மனிதரைப் பொய்யராக்கியது.

உங்கள் விஷயத்திலும் இது நடக்கக்கூடும். தொலைபேசியில் அண்ணனின் பெயரைக் கண்டதுமே, அவர் பேசுமுன் உங்களுக்குள் பதில் தயாராகிவிடுகிறதா? அப்படியானால் அவர் உடல்நிலையைச் சொல்லத்தான் அழைத்திருந்தாலும் உங்கள் காதில் பழைய குரலே விழும். பல வருடம் ஒத்திகை பார்த்த அந்தக் கடுமை, அண்ணனுக்கு முன்பாகவே, ஒன்றும் அறியாத பிள்ளைகளிடம் வெளிப்பட்டுவிடுவதும் உண்டு. குணம் உருவாவது பெரும்பாலும் இப்படித்தான்.

தேவன் விலகுவாரா என்று கேட்டீர்கள். எண்ணத்தைக் கண்டு அருவருத்து அவர் விலகிப்போவதில்லை. எதிரில் இல்லாத அண்ணனோடு நாளெல்லாம் வாதாடுகிற மனதுக்கு அவரோடு பேச இடமில்லாமல் போகிறது என்பதே என் கருத்து. அதற்காக அந்த நினைவை அடக்கிப் பூட்டிவைக்கச் சொல்லமாட்டேன். அது மறுநாளே திரும்பி வரும். சங்கீதம் 55-ஐ வாசியுங்கள். நிந்தித்தவன் சத்துரு அல்ல, தோழன் என்கிற வேதனையை அங்கே தாவீது தேவனிடமே, கோபமான வார்த்தைகளோடேயே கொட்டுகிறார். பாரத்தைக் கர்த்தர்மேல் வைத்துவிடு என்பது 22-ஆம் வசனத்தில்தான் வருகிறது. நீங்களும் அண்ணனிடம் மனதுக்குள் சொல்லும் அதே வாக்கியங்களை, மெருகேற்றாமல், கர்த்தரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அவர் முன்னிலையில் சொல்லும்போது, அவற்றில் எது நியாயமான வேதனை, எது வன்மம் என்று உங்களுக்கே பிடிபடத் தொடங்கும்.

கேள்வி: ஜெபிக்கும்போதே அசுத்தமான எண்ணங்கள் வருகின்றன. நான் விசுவாசிதானா?
– ஒரு வாசகர்

பதில்: ஆம். எகிப்தின் பாலைவனத்தில் வாழ்ந்து 399-இல் மறைந்த துறவி எவாக்ரியஸ், எண்ணங்கள் நம்மைத் தொந்தரவு செய்வது நம் கையில் இல்லை, அவற்றைத் தங்கவிடுவதே நம் கையில் இருக்கிறது என்று எழுதினார். நீங்கள் விரும்பாத எண்ணத்தோடு மல்லுக்கட்டாமல் ஜெபத்தைத் தொடருங்கள். நாள்முழுதும் அது விடாமல் துரத்தி, மன்னிப்புக் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கவைத்தால், அது மருத்துவர் கவனிக்க வேண்டிய மனப்பதற்றமாகவும் இருக்கலாம். போதகரிடம் சொல்வதோடு மனநல மருத்துவரையும் பார்ப்பது விசுவாசக் குறைவாகாது.