ஆறாம் வகுப்புக்கு முன்: எந்த டெஸ்ட், எதற்காக?

கேள்வி: என் மகனுக்கு 10 வயது. மூன்றரை வயதில் ஆட்டிசம் என்று கண்டறிந்தார்கள். ஆங்கில வழிப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு படிக்கிறான். வீட்டில் பேசுவது தமிழ். கடகடவென்று வாசிப்பான், ஆனால் ‘ஏன்’, ‘எதனால்’ என்று கேட்டால் திணறுவான். எழுத்து ரொம்ப மெதுவு. ஜூனில் சேரப்போகும் புதிய பள்ளி சைக்காலஜி ரிப்போர்ட் கேட்கிறது. ஒரு மையம் ஐ.க்யூ. டெஸ்ட் மட்டும் போதும் என்கிறது. இன்னொன்று ஆட்டிசம் டெஸ்ட் முதல் எல்லாவற்றையும் மறுபடி எடுக்கச் சொல்கிறது. எது சரி?

பதில்: இரண்டுமே உங்களுக்குப் பொருந்தவில்லை. ஆட்டிசமா இல்லையா என்பதற்கு ஏற்கெனவே விடை கிடைத்துவிட்டது. மாற்றுத்திறனாளி சான்றிதழும் யூ.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் இன்னும் வாங்கவில்லை என்றால் மட்டும் அந்த வேலை பாக்கி. ஐ.எஸ்.ஏ.ஏ. என்ற இந்திய அளவுகோலை அதற்குப் பயன்படுத்துவார்கள். அதில் 40 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 70 முதல் 106 வரை லேசானது, 107 முதல் 153 வரை மிதமானது, அதற்கு மேல் தீவிரமானது. தனியார் மையம் இதைப் போட்டுக் கொடுத்தாலும் அது சான்றிதழ் ஆகாது. அரசு அங்கீகரித்த மருத்துவ அதிகாரிதான் சான்றிதழ் தர முடியும். தவிர, அந்த அளவுகோலில் வரும் ‘98’ போன்ற எண்ணை வைத்து ஆறாம் வகுப்பு ஆசிரியர் என்ன செய்வார்?

ஆசிரியருக்குத் தெரிய வேண்டியது மூன்று: எந்த வழியில் சொன்னால் பையனுக்குப் புரியும், பரீட்சையில் எங்கே நேரம் போகிறது, தானாக எதையெல்லாம் செய்துகொள்வான். மூன்றுக்கும் மூன்று வகைச் சோதனைகள் வேண்டும்.

முதலாவது அறிவுத்திறன் சோதனை. நம் ஊர்களில் பினே–காமத், மிசிக், விஸ்க் நான்காம் பதிப்பின் இந்திய வடிவம் ஆகிய மூன்றும் புழக்கத்தில் உள்ளன. பினே–காமத் பெரும்பாலும் பேச்சை நம்பியது. ‘ஏன்’ என்றால் திணறும் பிள்ளைக்கு அது முதல் தேர்வாக வேண்டாம். மிசிக்கின் அளவுகோல் அரை நூற்றாண்டுப் பழசு. எண் சற்று ஏறியே வரக்கூடும். சொல்வழித் திறன், செயல்வழித் திறன் என்று இரண்டாகப் பிரித்துக் காட்டுவது அதன் லாபம். விஸ்க் நான்காம் பதிப்பு சொல்புரிதல், காட்சிவழிச் சிந்தனை, செயல்நினைவு (கேட்டதை மனதில் வைத்துக்கொண்டே வேலை செய்வது), வேகம் என நான்காகப் பிரித்துக் காட்டும். உங்கள் மகனுக்கு இதுதான் பொருத்தம். ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலர் வண்ணக் கட்டைகளை மாதிரியைப் பார்த்து அடுக்குவதில் வயதை மீறிச் செய்வார்கள். ‘வழியில் ஒரு பர்ஸ் கிடந்தால் என்ன செய்வாய்’ போன்ற கேள்விகளில் சறுக்குவார்கள். இரண்டையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் வருகிற ஒற்றை ஐ.க்யூ. எண் யாருடையதும் அல்ல. நான்கு பிரிவுகளில் உச்சத்துக்கும் அடிக்கும் 23 புள்ளியோ அதற்கு மேலோ இடைவெளி இருந்தால் மொத்த எண்ணை நம்ப வேண்டாம் என்பது உளவியலாளர்களிடையே உள்ள நடைமுறை. உங்களுக்கு மிகவும் உதவப்போவது வேகப் பிரிவு. இரண்டிரண்டு நிமிடத்தில் முடியும் இரண்டு பயிற்சிகள்தான். அதில் மட்டும் மதிப்பெண் கீழே போனால், கூடுதல் நேரம் கேட்க அதைவிடத் தெளிவான ஆதாரம் கிடைக்காது.

மொழியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஆங்கிலத்தில் கேட்ட கேள்வி புரியாமல் பையன் சும்மா இருந்தால், அது அறிவுக் குறையாகப் பதிவாகும். டெஸ்ட் எடுப்பவர் அங்கேயே மனம்போன போக்கில் தமிழாக்கிக் கேட்டாலும் மதிப்பெண் கெடும், ஏனென்றால் சொல்லை மாற்றினால் கேள்வியின் கடினமும் மாறிவிடும். ஆகவே சொல் குறைவான ரேவன் வடிவச் சோதனையையும் கூடவே எடுக்கச் சொல்லுங்கள். சொல்வழி எண் தாழ்ந்து ரேவன் நன்றாக வந்தால் தடை மொழியில் இருக்கிறது என்று பொருள்.

இரண்டாவது, வாசிப்பு, எழுத்து, கணக்கு. பெங்களூரு மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் உருவாக்கிய கற்றல் குறைபாட்டுச் சோதனைத் தொகுப்பில் 8 முதல் 12 வயதுக்கான நிலை உண்டு. உரக்க வாசிப்பதும் வாசித்ததைப் புரிந்துகொள்வதும் அறிக்கையில் தனித்தனியாக வர வேண்டும். ‘வாசிப்பு: வயதுக்கேற்றது’ என்று ஒற்றை வரியில் முடித்தால், நீங்கள் சொன்ன சிக்கலே அதில் காணாமல் போகும்.

மூன்றாவது, அன்றாடத் திறன். வைன்லேண்ட் சமூக முதிர்ச்சி அளவுகோலின் இந்தியப் பதிப்பில் 89 கேள்விகள். பதில் சொல்பவர் நீங்கள். ‘சொன்னால் செய்வான்’ என்பதைச் ‘செய்வான்’ என்று சொல்லிவிடாதீர்கள். யாரும் நினைவூட்டாமல் டிபன் பாக்ஸை மூடிப் பையில் வைக்கிறானா என்பதுதான் கேள்வி. ஐ.க்யூ. சராசரியாக இருந்தும் இந்த எண் தாழ்வாக வருவது ஆட்டிசத்தில் சகஜம். பாடத்துக்குப் பாடம் ஆசிரியர் மாறுகிற ஆறாம் வகுப்பில் முதலில் தட்டுப்படுவதும் இதுதான்.

நேரம் வாங்குமுன் எடுப்பவரின் இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள். டிசம்பர், ஜனவரியில் எடுத்தால் அறிக்கை எழுதவும் பள்ளியுடன் பேசவும் அவகாசம் இருக்கும். ஒரே நாளில் நான்கு மணி நேரம் உட்கார வைக்கும் மையம் வேண்டாம். காலை வேளையில், ஒன்று ஒன்றரை மணி நேரமாக இரண்டு மூன்று அமர்வுகள் போதும். முந்தைய வாரம் இடத்தின் படத்தைக் காட்டுங்கள், ஆனால் கேள்விகளைப் பழக்காதீர்கள். இரண்டு பாட நோட்டும் திருத்திய விடைத்தாளும் எடுத்துச் செல்லுங்கள். பையன் ஒத்துழைக்காத நாளில் வந்த எண்ணை அறிக்கையில் எழுத விடாதீர்கள். வேறு நாள் கேட்டு வாங்குங்கள்.

அறிக்கையைச் சேர்க்கைக்கான சல்லடையாகப் பள்ளி பயன்படுத்த முடியாது. கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு சேர்க்கைத் தேர்வைத் தடை செய்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, 17ஆம் பிரிவில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழி விலக்கு ஆகியவற்றைச் சொல்கிறது. எனவே பரிந்துரைப் பக்கத்தில் ‘ஊக்கப்படுத்தவும்’ என்றில்லாமல், ‘எழுத்துத் தேர்வில் கூடுதல் நேரம், கேள்விகளைச் சிறு வாக்கியங்களாகப் பிரித்துத் தரவும்’ என்று இருக்க வேண்டும். இல்லையென்றால் கையெழுத்துப் போட்டு வாங்குமுன் சேர்க்கச் சொல்லுங்கள்.

அதே சோதனையை ஓராண்டுக்குள் மறுபடி எடுக்க வேண்டாம், பழகிப்போன கேள்விகள் எண்ணை ஏற்றிவிடும். அடுத்த அறிக்கையை ஒன்பதாம் வகுப்பின் தொடக்கத்தில், பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுச் சலுகைக்கு விண்ணப்பிக்குமுன் எடுத்தால் போதும்.