மரம் துளைக்கும் வண்டுகள்: கேள்வி பதில்

கேள்வி: இத்தனூண்டு வண்டு எப்படிக் கடல் தாண்டுகிறது?

பறந்து இல்லை, சரக்குக்குள் உட்கார்ந்துதான். இயந்திரம், கல் போன்ற கனமான சரக்கைக் கட்டும் பெட்டியையும், அதை அடுக்கும் பேலட் என்ற தட்டையும் பெரும்பாலும் மட்டரக மரத்தில் அடிப்பார்கள். உள்ளே இருக்கும் புழு பயணம் முழுக்க மரத்தைத் தின்றுகொண்டே வரும், இறங்கிய ஊரில் வண்டாகி வெளியேறும். 1996இல் நியூயார்க்கின் புரூக்ளினில் மேப்பிள் மரங்களைத் துளைத்த ஆசிய நீள்கொம்பு வண்டும் சீனாவிலிருந்து வந்த பெட்டி மரத்தில் ஏறி வந்ததாகவே கருதுகிறார்கள்.

கேள்வி: ஒற்றைப் பூச்சி வந்தால் துணையில்லாமல் செத்துவிடாதா?

எல்லாம் சாகாது. 2002இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் சவான்னா துறைமுகத்துக்கு அருகே பொறியில் சிக்கிய அம்ப்ரோசியா வண்டு ஒன்றைப் பாருங்கள். கருவுறாத முட்டையிலிருந்து ஆண் பிறக்கும். தாய் அந்த மகனோடே கூடி வம்சத்தைத் தொடரலாம். கேட்கவே ஒரு மாதிரி இருக்கிறது, ஆனால் ஊர் பிடிக்க இதைவிட நல்ல வழி கிடையாது. அது மரத்தைத் தின்பதும் இல்லை. தான் சுமந்து வரும் பூஞ்சையைத் துளைக்குள் வளர்த்துத் தின்கிறது. மரத்தைக் கொல்வது அந்தப் பூஞ்சைதான், அவகாடோவும் தப்பவில்லை.

கேள்வி: சொந்த ஊரில் சாதுவாக இருப்பது வெளியூரில் ஏன் கொல்கிறது?

அங்குள்ள மரம் அதோடு பழகி எதிர்ப்பு பெற்றது, குளவி எதிரிகளும் உண்டு. ஆஷ் மரத்தைத் துளைக்கும் மரகத வண்டை மஞ்சூரிய ஆஷ் தாங்கும், அமெரிக்க ஆஷ் தாங்காது.

கேள்வி: கண்டதும் வெட்டி அழித்திருக்கலாமே?

அந்த மரகத வண்டு அமெரிக்காவின் டெட்ராய்ட் பக்கம் 2002இல்தான் கண்ணில் பட்டது. வந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. புழு பட்டைக்கடியில் உணவு கடத்தும் அடுக்கை வளைந்து வளைந்து அரிக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. உச்சிக் கிளை காய்ந்து, ஆங்கில 'D' எழுத்து வடிவத்தில் சின்னத் துளை தெரியும்போது காரியம் மிஞ்சியிருக்கும். கோடிக்கணக்கான மரங்கள் போயின. நீள்கொம்பு வண்டு அப்படியல்ல, மெதுவாகப் பரவும். அதனால் 1998இல் அது சிக்கிய சிகாகோவில் 2008க்குள் ஒழித்தார்கள்.

கேள்வி: பேலட்டில் கோதுமைக் கதிர் முத்திரை இருக்கிறதே, அது போதாதா?

நல்ல ஏற்பாடுதான், பூச்சி நீக்கிய மரம் என்று சர்வதேச விதிப்படி அடிக்கும் முத்திரை அது. வெப்பமுறை என்றால், மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கியிருக்க வேண்டும். ஆனால் முத்திரை அடிப்பது சுலபம், சூடாக்குவதுதான் செலவு. நான் பிளைவுட் பெட்டியைத்தான் அதிகம் நம்புவேன். அதைச் செய்யும்போதே பசை, சூடு, அழுத்தம் எல்லாம் சேர்வதால் விதியும் அதற்கு விலக்கு தருகிறது.

கேள்வி: முகாமுக்கு விறகு கொண்டுபோகலாமா? நன்றாகக் காய்ந்ததுதான்.

வேண்டாம். வெட்டிய மறு ஆண்டும் அதிலிருந்து வண்டு வரும். போகிற இடத்தில் வாங்கி அங்கேயே எரித்துவிடுங்கள்.