கேள்வி-பதில்: ஜப்திக்கு வந்தது யார்?

நண்பரின் பைக் லோனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். அவரை விட்டுவிட்டு என்னிடம் கேட்கிறார்கள். செல்லுமா? – முலுண்டு

செல்லும். ஒப்பந்தச் சட்டம் 128-வது பிரிவுப்படி கடன் வாங்கியவருக்கு உள்ள பொறுப்பு உங்களுக்கும் உண்டு. பேனாவை எடுப்பதற்கு முன் கேட்டிருக்கலாம்.

கிரெடிட் கார்டு பாக்கி 1.8 லட்சம். இரவு ஒன்பது மணிக்கு இரண்டு பேர் வந்து, நாளைக்கு ஜப்தி, ஃபிரிட்ஜிலிருந்து தாலி வரை எல்லாம் போகும் என்று பில்டிங்குக்கே கேட்கும்படி கத்தினார்கள். – செம்பூர்

வாசலில் கிடக்கும் செருப்பைக்கூட அவர்கள் தொட முடியாது. கார்டு கடனுக்கு நீங்கள் எதையும் அடமானம் வைக்கவில்லை. வங்கி வழக்குப் போட்டு, டிக்ரி, அதாவது கோர்ட்டின் தீர்ப்பாணை வாங்கி, அதை நிறைவேற்ற மனுவும் போட்ட பிறகுதான் ஜப்தி. அதற்கு வருபவர் கோர்ட் பெயிலிஃப், நம் ஊரில் அமீனா என்போமே, அவர். அவரே பொழுது சாய்ந்தபின் வீட்டுக்குள் நுழையக் கூடாது, ஆனால் இந்த வசூல் ஆட்களோ நேரங்காலம் பார்க்காமல் வந்து, பெண்களும் குழந்தைகளும் இருக்கும் நேரமாகப் பார்த்து ‘ஜப்தி’ என்று கத்துகிறார்கள், கேட்கவே வயிறு எரிகிறது. காலை எட்டுக்கு முன்னும் மாலை ஏழுக்குப் பின்னும் கடனைக் கேட்டு போன்கூடப் பண்ணக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. டிக்ரியே வந்தாலும் உடுதுணி, சமையல் பாத்திரம், படுக்கை, தாலி இவற்றை எடுக்க முடியாது, சிவில் நடைமுறைச் சட்டம் 60-வது பிரிவு. ஃபிரிட்ஜுக்கு அந்தச் சலுகை இல்லை. வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள், 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் (ஆம்பட்ஸ்மேன்) போங்கள். அப்புறம், பாக்கி பாக்கிதான், தவணை பேசிக் கட்டுங்கள்.

வீட்டுக் கடன் நோட்டீஸ் வந்தது, வேலை மும்முரத்தில் பிரிக்கவில்லை. இப்போது கதவில் ஏதோ ஒட்டியிருக்கிறார்கள். – மாட்டுங்கா

பிரிக்கவில்லையா! அதில்தான் பாக்கியைக் கட்ட 60 நாள் அவகாசம் இருந்தது. சர்ஃபேசி சட்டத்தில் (2002) அடமான வீட்டை எடுக்க வங்கிக்கு டிக்ரி தேவையில்லை. கதவில் ஒட்டியது, வீட்டை வங்கி எடுத்துக்கொண்டது என்று சொல்லும் சுவாதீன நோட்டீஸாக இருந்தால், அன்றிலிருந்து 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். முழு பாக்கியையும் கட்டி மீட்பதென்றால் ஏல அறிவிப்பு வெளிவருமுன் கட்ட வேண்டும். இன்றைக்கே வக்கீலைப் பாருங்கள்.

வங்கி ஏலத்தில் ஃபிளாட் மலிவாக வருகிறது. ‘குறியீட்டு சுவாதீனம்’ என்று போட்டிருக்கிறது. எடுக்கலாமா? – டோம்பிவிலி

வேண்டாம். வீடு வங்கியின் கைக்குக் காகிதத்தில்தான் வந்திருக்கிறது, உள்ளே பெரும்பாலும் பழைய ஆளே குடியிருப்பார் என்று அர்த்தம். ஏல அறிவிப்பில் ‘உள்ளது உள்ளபடி’ என்றும் இருந்தால் ஹவுசிங் சொசைட்டி பாக்கியும் உங்கள் தலையில் விழலாம். ஏலத்தில் நான் எடுத்த காரோடு பழைய அபராதச் சலான்களும் சேர்ந்து வந்தன, கார் ஓடியதைவிட ஆர்டிஓவுக்கு நான் ஓடியது அதிகம்.

தோல் பை தைக்கிறேன். தோல் கொடுத்தவர் டிக்ரி வாங்கிவிட்டார். மிஷினை எடுத்துவிடுவார்களா? – தாராவி

நீங்களே உட்கார்ந்து தைக்கும் மிஷின் என்றால் எடுக்க முடியாது ஐயா, கைவினைஞரின் கருவிகளுக்கு அதே 60-வது பிரிவில் விலக்கு இருக்கிறது. தைத்து வைத்த பைகளை எடுக்கலாம். பெயிலிஃப் பட்டியல் எழுதும்போது மிஷினைச் சேர்த்தால் அங்கேயே ஆட்சேபம் சொல்லி, கோர்ட்டிலும் மனுக் கொடுங்கள். வக்கீலுக்கு வசதியில்லை என்றால் இலவச சட்ட உதவி மையம் கோர்ட் வளாகத்திலேயே இருக்கும்.