எக்ஸ்ரேயை விடுங்கள், தலையணையைப் பாருங்கள்

கேள்வி: என் கணவருக்கு 56 வயது. நான்கு வருடமாக செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ். கையில் அடிபட்டு எக்ஸ்ரே எடுத்தபோது ரத்தக்குழாய் முழுக்க கால்சியம் படிந்திருப்பதாகச் சொன்னார்கள். பிரஷர் 170/70, பாஸ்பரஸ் 7.1. கால்சியம்தான் காரணம் என்று யூடியூபில் பார்த்து, செவலமர் மாத்திரையை நிறுத்திவிட்டு பூண்டுப் பால் கொடுக்கிறேன். அரிப்பு, கால் குடைச்சலும் உண்டு. கொஞ்ச நாளாக இரண்டு தலையணை வைத்தால்தான் தூக்கம் வருகிறது. தூக்கத்திலேயே ஏதாவது ஆகிவிடுமா?

பதில்: அந்த இரண்டாவது தலையணை எதற்கு அம்மா? கழுத்து வலிக்கென்றால் சரி. மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது, நடுராத்திரி எழுந்து உட்கார்ந்துகொள்கிறார் என்றால், நுரையீரலில் நீர் கோக்கிறது என்று அர்த்தம். அடுத்த டயாலிசிஸ் வரை காத்திருக்காதீர்கள். எந்த நேரமானாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். சனி முடிந்து செவ்வாய் வரைக்கும் இருக்கிற அந்த நீண்ட இடைவெளியில் இன்னும் கவனம் வேண்டும்.

எக்ஸ்ரேயில் தண்டவாளம் மாதிரி தெரியும் வெள்ளைக் கோடுகள் டயாலிசிஸ் நோயாளிகளிடம் சாதாரணமாகப் பார்ப்பதுதான். பெரும்பாலும் குழாய்ச் சுவரின் நடு அடுக்கில் படிகிற கால்சியம் அது. உள்ளே கொழுப்பு அடைத்திருக்கிறது என்று பொருள் இல்லை. ஆனால் சுவர் விறைத்துவிடுகிறது. இதயம் ரத்தத்தைத் தள்ளும்போது குழாய் விரிந்து கொடுப்பதில்லை. அதனால் மேல் அளவு ஏறும், கீழ் அளவு இறங்கும். 40 அளவில் இருக்கவேண்டிய வித்தியாசம் இவருக்கு 100. இந்த விறைப்பை எதிர்த்துத் தள்ளித் தள்ளி இதயத் தசை தடிக்கும். அப்படிப்பட்ட இதயத்தால் உடம்பில் சேரும் அதிகப்படி நீரைச் சமாளிக்க முடியாது. ஆக, நீங்கள் பயப்படவேண்டியது கோடுகளுக்கு அல்ல, உப்புக்கும் தண்ணீருக்கும். தினமும் காலையில் எடை பாருங்கள். ஒரு கிலோ ஏறினால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் சேர்ந்திருக்கிறது. மேல் அளவைக் குறைக்கிறேன் என்று பிரஷர் மாத்திரையை நீங்களாகக் கூட்டாதீர்கள். இதயத்துக்கே ரத்தம் போவது பெரும்பாலும் அது ஓய்ந்திருக்கும் நொடியில்தான். கீழ் அளவு ரொம்ப இறங்கினால் அதற்கே தட்டுப்பாடு வரும்.

அப்புறம் அந்த யூடியூப் வைத்தியம். செவலமரில் கால்சியமே கிடையாது! சாப்பாட்டில் இருக்கும் பாஸ்பரஸைக் குடலிலேயே பிடித்து வெளியேற்றத்தான் அதைக் கொடுக்கிறோம். குழாயில் கால்சியம் படிவதைத் தூண்டுவதில் பாஸ்பரஸுக்குப் பெரிய பங்கு உண்டு. மாத்திரையை நிறுத்தி, பாஸ்பரஸ் நிறைந்த பாலையும் கொடுத்தால் 7.1 எப்படிக் குறையும்? பூண்டு இந்தக் கால்சியத்தைக் கரைக்காது. பால் டம்ளர் அவருடைய தண்ணீர்க் கணக்கிலும் சேரும். டயாலிசிஸ் டாக்டரிடம் நிறுத்தியதைச் சொல்லிவிட்டு மாத்திரையைத் திரும்பத் தொடங்குங்கள். சாப்பாட்டோடு போடவேண்டும், வெறும் வயிற்றில் போட்டால் வீண். எலும்புக்கு நல்லது என்று கடையில் கால்சியம், வைட்டமின் டி வாங்கிக் கொடுப்பதும் வேண்டாம்.

அரிப்பு, கால் குடைச்சலால் உயிருக்கு ஒன்றும் ஆகாது, டயாலிசிஸுக்குப் போகும்போது சொன்னால் போதும். படிந்த கால்சியத்தைச் சுரண்டி எடுக்க வழியில்லை. மேலும் படிவதை மட்டுப்படுத்தலாம். கடைசியாக எப்போது எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்தார்கள் என்றும், டயாலிசிஸ் முடிந்ததும் அவர் இருக்கவேண்டிய எடையைத் திரும்பக் கணக்கிடவேண்டுமா என்றும் அவருடைய டாக்டரிடம் கேளுங்கள்.