சுற்றுச்சூழலுக்கும் மனித உரிமைக்கும் என்ன சம்பந்தம்?

மனித உரிமை என்றால், மனிதராகப் பிறந்ததாலேயே ஒவ்வொருவருக்கும் உள்ள உரிமை. உயிர் வாழ்வது, உடல்நலம், உணவு, குடிநீர் எல்லாம் அதில் அடங்கும். இவற்றில் எதுவும் கெட்ட காற்றிலும் கெட்ட தண்ணீரிலும் நிலைக்காது. சம்பந்தம் அவ்வளவுதான்.

எங்கள் செட்டிநாட்டுப் பக்கம் ஊரணியைப் பார்த்தாலே இது புரியும். ஓட்டுக்கூரையில் விழும் மழை முற்றத்தில் இறங்கும். அண்டாவில் பிடித்தது போக மிச்சம் கால்வாய் வழியாக ஊரணிக்குப் போகும். குடிதண்ணீர் ஊரணியில் யாரும் கால் நனைக்க மாட்டார்கள். குடத்தின் வாயில் வெள்ளைத் துணியைக் கட்டித்தான் தண்ணீர் மொள்வார்கள். சரி, அந்த வரத்துக்காலை யாரோ மண் கொட்டி மூடிவிட்டால்? படித்துறை அப்படியே இருக்கும், தண்ணீர் எடுக்கும் உரிமையும் இருக்கும். தண்ணீர்தான் இருக்காது. உரிமை ஊரணி என்றால் சுற்றுச்சூழல் அதன் வரத்துக்கால். காசு உள்ளவர் கேன் தண்ணீர் வாங்கிக்கொள்வார். இல்லாதவர் எங்கே போவார்? என்னை உறுத்துவது இந்த இடம்தான்.

2022 ஜூலை 28 அன்று ஐ.நா. பொதுச்சபை, தூய்மையான, ஆரோக்கியமான, நீடித்த சுற்றுச்சூழலை மனித உரிமையாக ஏற்றது. ஆதரவாக 161 நாடுகள் வாக்களித்தன, எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை.

ஐ.நா. சொன்ன பிறகுதான் நமக்கு இந்த உரிமை வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை: அந்தத் தீர்மானம் சட்டப்படி யாரையும் கட்டுப்படுத்தாது, ஆனால் அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் மாசற்ற நீரும் காற்றும் அடக்கம் என்று நம் உச்ச நீதிமன்றம் 1991-லேயே சுபாஷ் குமார் வழக்கில் சொல்லிவிட்டது.